ஓல்ஷானாவில் விழுந்த ஒரே ஓட்டு

வார்சா, 8 ஜூன் 1989

அனுப்புநர்: ஜெனரல் வலேரியன் கோஸ்தூர்
பெறுநர்: திருமதி அப்பொலோனியா மசூர், ஓல்ஷானா கிராமம்
பொருள்: தாங்கள் அளித்த வாக்கு – நன்றி தெரிவித்தல்

அன்புள்ள அக்காவுக்கு,

1. நான் நலம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

2. நாலாம் தேதி நடந்த தேர்தலில், அரசின் தேசியப் பட்டியலில் நிறுத்தப்பட்ட முப்பத்தைந்து பேரில் நானும் ஒருவன் என்பது தாங்கள் அறிந்ததே. எங்களை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. வாக்காளர்களில் பாதிப் பேர் எங்கள் பெயரை அடிக்காமல் விட்டிருந்தால் போதும், ஜெயித்திருப்போம். இரண்டு பேர் தவிர எல்லோரும் தோற்றுவிட்டோம். எதிராளியே இல்லாத பந்தயத்தில் தோற்பது எப்படி என்று மேலிடத்தில் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நேற்றைய ஆராய்ச்சிக் கூட்டம் ஐந்து மணி நேரம் நடந்தது. சாண்ட்விச் தீர்ந்ததும் முடிந்தது.

3. ஊர்வாரியான முடிவை வரவழைத்துப் பார்த்தேன். ஓல்ஷானாவில் பதிவானவை முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்குகள். பட்டியலில் ஒரு வனவியல் பேராசிரியர் இருந்தார். நம் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவருக்குத் தொண்ணூற்று நாலு. அந்த மண்ணில் பிறந்து, அங்கேயே பல் முளைத்த எனக்கு ஒன்று.

4. அந்த ஒன்று யாருடையது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த விவரம் அலுவலகக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

5. நன்றியின் அடையாளமாகக் காபிக்கொட்டை இரண்டு பொட்டலம் தனியே அனுப்பியுள்ளேன்.

தங்கள் தம்பி,
வலேரியன் கோஸ்தூர்

~

ஓல்ஷானா, 15 ஜூன் 1989

வாலு,

முதலில், இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கு என் வணக்கம். போன தடவை நீங்கள் ஒட்டிய பசை சரியில்லை. உறை வாயைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தது.

தாங்களாம், தாங்கள். வரி நோட்டீஸ் என்று நினைத்துத் தபால்காரியிடமே திருப்பிக் கொடுக்கப் போனேன். உனக்கு மூக்குச் சிந்தி விட்டவள் நான். எனக்குப் பாயிண்டு போட்டு எழுதுகிறாய்.

காபி கிடைத்தது. நியாயப்படி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஏனென்றால் அந்த ஓட்டு என்னுடையது இல்லை. ஆனால் உன் கடிதத்துக்கு முன்னாலேயே காபி வந்துவிட்டது, ஒரு பொட்டலம் தீர்ந்துபோயிற்று. அதை நான் ஏமாற்றி வாங்கியதாக நினைக்காதே.

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் நேராகத் தீயணைப்புக் கொட்டகைக்குப் போனோம். வாசலில் நம் பக்கத்து வீட்டு லுட்விக் ஸ்மேதா நின்றிருந்தான். மறந்திருக்க மாட்டாய். எண்பத்தொன்று டிசம்பரில் ராணுவச் சட்டம் போட்டபோது உங்கள் ஆட்கள் வீட்டுச் செருப்போடு அழைத்துக்கொண்டு போய் ஐந்து மாதம் உள்ளே வைத்தார்களே, அதே லுட்விக்தான். இப்போது உங்களை எதிர்க்கிற ஊர்க் குழுவுக்கு அவன்தான் தலைவன். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரன் மாதிரி வருகிறவர்களை எல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பொலா, தம்பின்னு பார்க்காத. முப்பத்தஞ்சையும் அடிச்சிரு. ஒருத்தனும் தப்பக் கூடாது."

முன்பெல்லாம் ஓட்டுச்சாவடியில் திரைக்குப் பின்னால் போகிறவர்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். இந்தத் தடவை போகாதவர்களைத்தான் பார்த்தார்கள். நான் போனேன். முதல் வேலையாக உன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து அடித்தேன். அதற்கப்புறம்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மற்றவர்களைக் கவனித்தேன்.

இப்போது என் கதையைக் கேள். கொட்டகைக் கதவில் முடிவை ஒட்டியதிலிருந்து ஊருக்கே ஒரே பேச்சு, அந்த ஒன்று யார் என்று. எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுகிறார்கள். சரி, நான் இல்லை என்று சத்தியம் செய்து ஒரு வழியாக நம்பவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வார்சாவிலிருந்து உன் பார்சல் வந்து இறங்கியது. ஜெபமாலைக் கூட்டத்துப் பெலாகியா கடையில் வைத்தே எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "என்ன பொலா, காபி வாசனை ஊரைத் தூக்குது. எதுக்கோ சன்மானம் போல?"

நீ தோற்றதோடு நிறுத்தியிருக்கலாம்.

அக்கா

~

வார்சா, 22 ஜூன் 1989

பெறுநர்: திருமதி அப்பொலோனியா மசூர்
பொருள்: தங்கள் 15-ஆம் தேதியிட்ட கடிதம் – அதிர்ச்சி தெரிவித்தல்

அன்புள்ள அக்காவுக்கு,

1. தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன்.

2. முதல் வேலையாக அடித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடிகூடப் போடாமல். ஏன் என்று எழுதவில்லை. நான் ஜெனரலாக இருந்ததில் தங்களுக்கு என்ன குறை வந்தது? வீட்டுக் கூரைக்குத் தகரம் யார் மூலம் வந்தது? காரணத்தைத் தெரிவிக்கக் கோருகிறேன்.

3. தாங்கள் இல்லையென்றால் அந்த ஒருவர் யார் என்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் முந்நூற்றுப் பதினோரு பேருக்கு நான் வேண்டாம், என் சொந்த அக்கா உட்பட. ஆனால் ஒருவர் இருக்கிறார். திரைக்குப் பின்னால் தனியாக நின்று, என் பெயரைப் பார்த்து, பேனாவை விலக்கிக்கொண்ட ஒருவர். அவர் யார் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

4. எனவே கீழ்க்கண்டவர்களைத் தாங்கள் நேரில் விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும்.
(அ) பாதிரியார் எமில். கோயில் கூரைக்கு சிமெண்டு கிடைக்க எழுபத்தெட்டில் நான் ஒரு தொலைபேசி செய்தேன். நன்றியுள்ளவர் என்று கேள்வி.
(ஆ) வின்சென்டி. எப்போதும் குடியில் இருப்பவர். பேனா கைக்குச் சிக்காமல் போயிருக்கலாம்.
(இ) பெலாகியா. ஐம்பத்திரண்டில் என்னோடு போல்கா ஆடியிருக்கிறாள்.
(ஈ) லுட்விக் ஸ்மேதா. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். காரணம் விளக்கத் தேவையில்லை.

5. சீக்கிரம் எழுது, அக்கா.

வலேரியன்

~

ஓல்ஷானா, 3 ஜூலை 1989

வாலு,

கடிதம் படிக்கிற ஐயாவுக்கு வணக்கம். பசை இந்தத் தடவை பரவாயில்லை.

அந்த நாலு பாயிண்டும் பாயிண்டு. ஐந்தாவது பாயிண்டில்தான் என் தம்பி எட்டிப் பார்த்தான்.

உனக்காக வெட்கத்தைவிட்டு வீடு வீடாகப் போனேன். பாதிரியார் எமில் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சிமெண்டுக்கு நன்றியா ஒரு பூசை வெச்சாச்சு. சிமெண்டுக்குப் பூசை சரி, ஓட்டுப் போட முடியுமா?" வின்சென்டியைத் தெளிவாக இருக்கும்போது பிடிக்க மூன்று நாள் ஆயிற்று. பேனா கைக்குச் சிக்கியதாம். எல்லோரையும் அடித்தானாம், மேலே அச்சிட்டிருந்த அரசாங்க முத்திரையையும் சேர்த்து அடித்தானாம், கடைசியில் பேனா நழுவித் தன் கட்டைவிரலையும் அடித்துக்கொண்டானாம். விரலைக் காட்டினான், இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. பெலாகியாவிடம் போல்கா விஷயத்தைச் சொன்னேன். நீ அவள் காலை மிதித்தாயாம். முப்பத்தேழு வருஷமாக அந்தக் காலுக்காகப் பழிதீர்க்கக் காத்திருந்தாளாம்.

நீ நீக்கிய பிறகும் லுட்விக்கைக் கேட்டுவைத்தேன், விசாரணை என்றால் முழுசாக இருக்கட்டுமே. அவன் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. அஞ்சு மாசம் உள்ளே இருந்தவனைப் பார்த்து இப்படியெல்லாம் கேட்கலாமா என்று சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எனக்கே பாவமாகப் போயிற்று.

ஆக மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் உன்னை அடித்திருக்கிறார்கள், ஆனாலும் உனக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது.

இப்போது விளையாட்டை நிறுத்திவிட்டு ஒன்று கேட்கிறேன். ஆகஸ்டு பதினைந்து மாதா திருவிழா வருகிறது. பதினெட்டு வருஷமாக ஜெபமாலைக் கூட்டத்தின் கொடியை நான்தான் பவனியில் பிடித்துக்கொண்டு போகிறேன். என் புருஷன் செத்த வருஷம்கூட அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்து நடந்தேன். இந்தத் தடவை அதைப் பெலாகியாவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஜெனரலுக்கு ஓட்டுப் போட்ட கை மாதாவின் கொடியைத் தொடலாமா என்று கேட்கிறார்களாம். எனக்கு இது சின்ன விஷயம் இல்லை, வாலு. நான் உன்னை அடித்தேன் என்று என் வாயால் சொன்னால் யாரும் நம்பவில்லை. உன் வாயால் சொல். ஒரு சான்று எழுதி அனுப்பு.

ஏன் அடித்தாய் என்று கேட்டிருக்கிறாய். அது எனக்கும் அந்தத் திரைக்கும் நடுவில் இருக்கட்டும்.

அக்கா

~

வார்சா, 12 ஜூலை 1989

யாருக்குத் தொடர்புடையதோ அவர்களுக்கு

சான்று

ஓல்ஷானா கிராமத்தில் வசிக்கும் திருமதி அப்பொலோனியா மசூர் அவர்கள் என் உடன்பிறந்த அக்கா ஆவார் என்றும், கடந்த ஜூன் 4 அன்று நடைபெற்ற தேர்தலில் அவர் எவருடைய தூண்டுதலுமின்றி, தெளிந்த மனத்துடன், தம் சொந்தக் கையால் என் பெயரை அடித்தார் என்றும், அதற்காக அவர் இதுவரை எவ்வித வருத்தமும் தெரிவிக்கவில்லை என்றும் இதன்மூலம் சான்றளிக்கிறேன். அவருக்கு அனுப்பப்பட்ட காபி தவறான தகவலின்பேரில் அனுப்பப்பட்டது.

(ஒப்பம்) ஜெனரல் வலேரியன் கோஸ்தூர்
(வட்ட முத்திரை) (நீள முத்திரை)

அக்கா, முப்பத்தொன்பது வருஷப் பணியில் ஆயிரக்கணக்கான தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதற்குத்தான் மூன்று தாள் கிழித்துப் போட்டேன். முத்திரை இரண்டாகப் போட்டிருக்கிறேன், பார்த்ததும் நம்புவார்கள்.

வ.

~

ஓல்ஷானா, 20 ஆகஸ்டு 1989

வலேரியன்,

கடிதம் படிக்கிற ஐயாவுக்கு இன்று வணக்கம் இல்லை. மனநிலை சரியில்லை.

உன் சான்றைப் பாதிரியார் எமில் கூட்டத்தில் வாசித்தார். முத்திரை இரண்டையும் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். அப்புறம் பெலாகியா எழுந்தாள்.

"நாப்பது வருஷமா இவங்க முத்திரை குத்தி அனுப்பினதுல ஒண்ணாவது நெசமா இருந்திருக்கா? அறுவடை ரெட்டிப்புன்னு முத்திரை குத்துவாங்க, கடையில ரொட்டி இருக்காது. இப்ப அக்கா என்னை அடிச்சிட்டான்னு முத்திரை குத்தி எழுதுறாரு. அதுவும் ரெண்டு முத்திரை. அப்ப நெசம் என்னன்னு நீங்களே புரிஞ்சுக்கங்க."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதுவரை என்னை நம்பிய நாலைந்து பேரும் அன்றோடு போய்விட்டார்கள். பதினைந்தாம் தேதி பெலாகியா கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். அவளுக்கு அதை நேராகப் பிடிக்கவும் தெரியவில்லை. ஸ்மேதா வீட்டு ஆப்பிள் மரத்தில் மாட்டிக் கிழித்தாள். நான் திருவிழாவுக்கு ஆசீர்வதித்து வாங்கும் மூலிகைக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில், வின்சென்டி பக்கத்தில் நடந்தேன். அவன் மட்டும் ஆறுதல் சொன்னான், அதுவும் என்னை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு.

சிரிப்பாய். சிரித்துக்கொள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்துகொண்டே அம்மாவின் அடக்கத்தை நினைத்தேன். நாங்கள் எல்லோரும் கோயிலுக்குள் இருந்தோம். நீ வெளியே கறுப்புக் காரில் உட்கார்ந்திருந்தாய். கோயிலுக்குள் வந்தால் யாராவது கட்சி மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள் என்று பயம். பெட்டியைத் தூக்க ஒரு ஆள் குறைந்தது. யார் தோள் கொடுத்தது தெரியுமா? லுட்விக். பெற்ற பிள்ளை கார்க் கண்ணாடிக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக்காரன் பெட்டிக்கு அடியில். அவனைத்தான் அப்புறம் செருப்போடு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

உன்னால் எனக்கு வந்ததெல்லாம் போதும். இனி கடிதம் எழுதாதே. காபியும் அனுப்பாதே.

அப்பொலோனியா

~

வார்சா, 26 நவம்பர் 1989

அக்கா,

மூன்று மாதம் எழுதவில்லை. நீ எழுதாதே என்றாய், கீழ்ப்படிந்தேன். உத்தரவுக்குக் கீழ்ப்படிவதுதான் எனக்கு நன்றாக வரும்.

இந்தத் தடவை எண் போடவில்லை. போட்டுப் பார்த்தேன், ஒன்றுக்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

செப்டம்பரில் புது அரசாங்கம் வந்தது உனக்குத் தெரியும். போன மாதம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள், பூங்கொத்துக்கூட இருந்தது. பட்டாளத்தில் இத்தனை காலம் என்னைக் 'குடிமகன் ஜெனரல்' என்றுதான் கூப்பிட்டார்கள். கடைசி நாள் வாசல் காவலர் "ஐயா, பார்த்துப் போங்க" என்றார். எந்த ஐயாவைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

கார் போய்விட்டது. டிராமில் ஏறினேன். பயணச் சீட்டை உள்ளே மாட்டியிருக்கும் பெட்டியில் நுழைத்து ஓட்டை போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது, அக்கா. பரிசோதகர் பிடித்துக்கொண்டார். நான் ஜெனரல் என்றேன். "அப்படின்னா எல்லாருக்கும் முன்னாடி ஓட்டை போட்டிருக்கணுமே" என்றார். டிராம் முழுக்கச் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து நானும் சிரித்தேன், யாருக்கும் தெரியாமல்.

பன்றித் தொடைக்கறிக்கு வரிசையில் நின்றேன். என் முன்னால் நின்ற அம்மாள் அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "உங்க புண்ணியத்துலதான் நாங்க இருபது வருஷமா நின்னு பழகினோம், கால் வலிச்சா சொல்லுங்க, இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்றார். அதைவிட அந்த அம்மாள் திட்டியிருக்கலாம்.

அம்மாவின் அடக்கத்தைப் பற்றி எழுதினாய். நீ எழுதியது உண்மை. பயந்தேன். போர்க் காலத்தில்கூட அப்படிப் பயந்ததில்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் என்பது மட்டும் சரியில்லை. கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன், உள்ளே பாடுவது கேட்கட்டும் என்று. மழை உள்ளே அடித்தது, இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. பெட்டிக்குக் கொடுக்க வேண்டிய தோள். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். இந்தக் குடியிருப்பைப் புத்தாண்டுக்குள் காலி செய்ய வேண்டும். மனைவி ஹலினா போன பிறகு இங்கே எனக்கு யாரும் இல்லை. நம் வீட்டில் பின்னறை சும்மாதானே கிடக்கிறது. நான் அங்கே வந்து இருந்துகொள்ளலாமா? உனக்குப் பிடிக்காது என்று தெரியும். உன் பேனாவே சொல்லிவிட்டது. ஊருக்கும் பிடிக்காது. ஆனால் ஓல்ஷானாவில் யாரோ ஒருவர் நான் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்த ஒருவரை நம்பித்தான் கேட்கிறேன். யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காலையில் தெருவில் நடக்கும்போது எதிரே வருகிறவர்களில் ஒருவர் அவர் என்று நினைத்துக்கொள்வேன்.

முடியாது என்றால் ஒரு வரி போதும்.

வாலு

~

ஓல்ஷானா, 11 டிசம்பர் 1989

வாலு,

உன் கடிதம் பிரிக்கப்படாமலே வந்தது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பசையில் ஒரு கைகூடப் படவில்லை. அப்போதுதான் உன் நிலைமை எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்த ஐயாவும் வேலை போய் எங்கே நிற்கிறாரோ, பாவம்.

நீ விட்ட குடிமகன் பட்டத்தை இங்கே வின்சென்டிக்குக் கொடுத்துவிட்டோம். அவனுக்குத்தான் பொருத்தம்.

சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். உன்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு ஓட்டு. அதையும் நான் பிடுங்குவதா என்று மனசு கேட்கவில்லை. ஆனால் நாளைக்குத் தெருவில் வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நான் சொல்வது மேல்.

உன் கடிதம் வந்த மறுநாள் வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் லுட்விக் விறகு பிளந்துகொண்டிருந்தான். பேச்சுவாக்கில், வாலு வருகிறான், இனி இங்கேதான் இருக்கப் போகிறான் என்றேன். கோடரியைக் கீழே வைத்தான். விறகுக்கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப என் ஓட்டு வீணா, பொலா?"

"எந்த ஓட்டு?"

"அந்த ஓட்டுதான்."

முப்பத்தைந்தையும் அடி என்று வாசலில் நின்று ஊருக்கே ஓதியவன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"அவன் ஜெயிச்சா வார்சாவுலயே கிடப்பான். தோத்தா எங்க வருவான்? இங்கதான், இந்த வேலி ஓரத்துக்கு. நான் தக்காளி நட்டா அதுக்கு ஒரு பாயிண்டு சொல்வான், கோழிக்குத் தீனி போட்டா ஒரு பாயிண்டு சொல்வான். பள்ளிக்கூடத்துலயே அப்படித்தானே அவன்? உள்ள நான் இருந்தது அஞ்சு மாசம். இது ஆயுசுக்கும். அதான் முப்பத்து நாலு பேரையும் அடிச்சேன், அவனை மட்டும் கும்பிட்டு விட்டுட்டேன். நாட்டுக்கு நான் செஞ்ச துரோகம் அது ஒண்ணுதான்."

சிரிப்பதா, ஈரத் துணியால் அவனை விளாசுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். ஆறு மாதமாக நான் ஊரில் தலைகுனிந்து நடந்ததை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து சொல்ல வேண்டும் என்றேன். ஊர் என்னைக் கொன்றுவிடும் என்றான். "என்னை ஆறு மாசமா கொன்னுக்கிட்டுத்தானே இருக்கு, நான் சாகலையே" என்றேன்.

நேற்றுப் பூசை முடிந்ததும் எழுந்தான். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான், காரணத்தோடு. பாதிரியார் எமில் முதலில் முகத்தைப் பீடத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது, ஜெபிக்கிறார் என்று நினைத்தோம். அப்புறம் முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரே சிரித்தது. லுட்விக்கை யாரும் கொல்லவில்லை. பெலாகியாவுக்குத்தான் வயிற்றெரிச்சல், "இது எனக்குத் தோணாமப் போச்சே" என்றாள். கொடியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, உன்னை வேண்டும் என்று நினைத்த அந்த ஒருவர் லுட்விக்தான், நீ வார்சாவிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தவன். உனக்கு வலிக்கும் என்று தெரியும். கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

லுட்விக் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருக்கிறான். நீ வரலாமாம், ஆனால் வேலிக்கு மேல் பேச்சில் எண் போடக் கூடாதாம். டார்னூ நகரத்திலிருந்து மதியப் பேருந்தில் வா. சீருடையில் வராதே. தலையணை எடுத்துவா, இங்கே இருப்பது ஒன்றுதான். பின்னறையில் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டேன். அடிக்கிறவன் வின்சென்டி, அதனால் சுவர் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது.

கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது எனக்குத் தெரியும். பெட்டிக்குப் பின்னால் வெளியே வந்தபோது பார்த்தேன், உன் தோள் நனைந்திருந்ததையும் பார்த்தேன். கோபத்தில் பார்க்காத மாதிரி நடந்துவிட்டேன். பதினைந்து வருஷமாக அந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்ததில் எனக்கும் தோள் வலிக்கிறது.

ஏன் அடித்தாய் என்று கேட்டாயே. என் பேனாவே சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். என் பேனா என்ன சொன்னது என்று உனக்குத் தெரியவே இல்லை. லுட்விக் போட்ட அதே கணக்கைத்தான் நானும் திரைக்குப் பின்னால் நின்று போட்டேன், வாலு. ஜெயித்தால் அங்கேயே கிடப்பாய், தோற்றால் வேறு எங்கே போவாய் என்று. அவன் பயந்துபோய் விட்டுவிட்டான். எனக்கு வயது அறுபத்தெட்டு, இந்த வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். மற்ற முப்பத்து நாலு பேரையும் ஒரு கோட்டில் முடித்துவிட்டேன். ஒரு கோடு போதாமல் போய் நீ ஜெயித்துத் தொலைத்துவிடுவாயோ என்று பயந்து, உன் பெயர்மேல் மட்டும் இரண்டு கோடு போட்டேன்.

அக்கா